ஒன்பது பிள்ளைகள் இருந்தால் அது பள்ளிக்கூடம் இல்லையா? – வாசகர் கேள்வி பதில்

நீலகிரி அரசுப் பள்ளிகள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற பயம். மீதி, வந்த வாத்தியார் நிற்கவில்லை என்ற கோபம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் எழுதியிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். பதில் சொல்பவன் மலைப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியன். அரசு சார்பிலும் பேசவில்லை, சங்கத்தின் சார்பிலும் பேசவில்லை.

எங்கள் ஹட்டியில் (படகர் ஊர்) உள்ள ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒன்பது பிள்ளைகள். அடுத்த வருடம் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்கிறார்கள். பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஒன்றரைக் கிலோமீட்டர், வழியில் கரடி நடமாட்டம். அப்படி மூட முடியுமா?
– ஒரு தாய், கீழ்க்கோத்தகிரி பக்கம்

முடியும் அம்மா, அதை மறைத்துப் பேசிப் பிரயோஜனம் இல்லை. மூடுகிறோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் இருக்கிற இரண்டு ஆசிரியரில் ஒருவரை 'மாற்றுப் பணி' என்று வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள், மிச்சம் இருப்பவர் மீட்டிங்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிற நாளில் பள்ளி பூட்டிக் கிடக்கும், பார்த்துப் பார்த்து நீங்களே பிள்ளையை வேறு இடத்தில் சேர்ப்பீர்கள், கடைசியில் சேர்க்கை பூஜ்யம் என்று கணக்கு மேலே போய்விடும். 2025-ல் ஒரு மாணவர்கூட இல்லாத அரசுப் பள்ளிகள் 200-க்கும் மேல் என்று தகவல் வந்தது. அதில் நம் மாவட்டத்துப் பங்கு கொஞ்சமில்லை.

உங்கள் பக்கம் சட்டமும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் (2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் அமல்) தொடர்பான 2010 மத்திய விதிகளில் ஒன்று முதல் ஐந்து வரை ஒரு கிலோமீட்டர் நடைதூரம், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டர் என்று இருப்பது பலருக்கும் தெரியும். அதற்கு அடுத்து வருவதை யாரும் படிப்பதில்லை. கரடுமுரடான நிலம், நிலச்சரிவு அபாயம், பாதை இல்லாமை, வழியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து, இவை இருக்கிற இடத்தில் அந்தத் தூரத்தை இன்னும் குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும் என்கிறது விதி. அப்படி முடியாத சின்னக் குடியிருப்புக்கு இலவச வாகனமோ தங்கிப் படிக்கும் வசதியோ செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. அதாவது உங்கள் ஊர் வழக்கில் 'ஒன்பது' என்ற எண்ணைவிட 'கரடி' என்ற சொல்லுக்குத்தான் சட்டத்தில் எடை அதிகம். ஆனால் நடைமுறையில் அதிகாரி மேஜைக்குப் போகிற தாளில் எண்ணிக்கைக்குக் கட்டம் இருக்கிறது, கரடிக்குக் கட்டம் இல்லை. மலைப் பள்ளிகளுக்கு வருகிற கஷ்டத்தில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் அபிப்பிராயம். கீழே வரும் பதில்களிலும் இதையே சொல்லி அறுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிக்குக் குறையாமல் பெண்கள். மாதக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். 'பள்ளியை மூடக் கூடாது' என்று மட்டும் எழுதினால் அது கோஷம். எந்த வளைவிலிருந்து எந்த வளைவு வரை வீடு கிடையாது, எந்த மாதத்தில் கரடி வந்தது, வனத்துறைக்கு எப்போது தகவல் சொன்னோம், ஓடை எப்போது பெருகும், இதை வரிசையாக எழுதுங்கள். செல்போன் மேப் நேர்க்கோட்டில் காட்டும் தூரத்தை நம்பாதீர்கள், நடந்து அளந்து எழுதுங்கள். நகலைக் கிராம சபையில் வையுங்கள். இணைப்பது தவிர்க்க முடியாது என்று வந்தால், வாகன ஏற்பாட்டு உத்தரவு கையில் வந்த பிறகுதான் இணைப்பு என்று கேளுங்கள். 'முதலில் சேருங்கள், ஜீப்பு பிறகு வரும்' என்றால் ஜீப்பு வராது.

இன்னொரு விஷயம், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஹட்டியில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள்தானா? காலை ஏழரைக்கு மெயின் ரோட்டில் வந்து நிற்கிற மஞ்சள் வேனில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்? பச்சைத் தேயிலை விலை நன்றாக இருக்கிற வருடம் இங்கிலீஷ் மீடியம், விலை விழுந்த வருடம் திரும்ப அரசுப் பள்ளி என்று பிள்ளைகளை இரண்டு பக்கமும் இழுத்தடிக்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேனில் போகிறவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பையும் பார்க்கிற இடத்தில் எந்தத் தாய் நம்பிச் சேர்ப்பாள்? அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் அட்டவணை, அதில் ஒன்பதுக்கு ஒருவர் போதும் என்று எங்கும் இல்லை. என்னைக் கேட்டால் ஒன்று முதல் மூன்று வரை ஊரிலேயே இருக்கட்டும், ஆறு வயதுப் பிள்ளையை ஜீப்பில் ஏற்றாதீர்கள். நான்கும் ஐந்தும் பெரிய பள்ளிக்குப் போகட்டும், பத்துப் பதினைந்து பேரோடு உட்கார்ந்து படிப்பதிலும் ஒரு படிப்பு இருக்கிறது. இதைச் சொன்னால் இரண்டு தரப்பும் என்னைத் திட்டுகிறது.

பந்தலூர் பக்கம் எங்கள் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் வருகிறார், மாறுதல் கலந்தாய்வு வந்தால் போய்விடுகிறார். பாதி வருடம் காலி. மலைக்கு வர ஏன் யாருக்கும் மனம் இல்லை?
– ஒரு முன்னாள் மாணவர், சேரம்பாடி

மனம் இல்லை என்று சொல்லிவிட்டால் பிரச்சினை ஆசிரியர்களின் குணத்தில் இருப்பது போல ஆகிவிடும் தம்பி. ஒரு இளம் ஆசிரியை, மாநில அளவில் தேர்வு எழுதி, விழுப்புரத்திலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ உங்கள் ஊருக்கு வருகிறார் என்று வையுங்கள். வாடகைக்கு வீடு கிடைக்காது. கிடைத்தால் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் ஒரு அறை, அதற்கும் மேனேஜர் தயவு வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துணி காயாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யானை என்று வெளியே போக முடியாது. சொந்த ஊருக்குப் போய்வர ஒரு முழு இரவும் அரை நாளும். மலைப்படி என்றும் குளிர்காலப்படி என்றும் சம்பளத்தில் ஒரு வரி வருகிறது, அது கம்பளி வாங்கக்கூடக் காணாது. இவ்வளவுக்கும் அவர் மூன்று வருடம் இருந்தார் என்றால் நான் அவரைக் கும்பிடுவேன்.

காலியான இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் வைத்துக்கொள்ளலாம் என்று 2022-ல் வழி திறந்தார்கள், இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 என்று ஆரம்பித்து, பிறகு 12,000, 15,000, 18,000 என்று உயர்த்தினார்கள். சமவெளியில் இந்தச் சம்பளத்துக்கு வேலை தேடும் கணக்குப் பட்டதாரி தெருவுக்கு ஒருவர் இருப்பார். சேரம்பாடியில் எம்.எஸ்சி. கணக்கு படித்துவிட்டு 18,000 ரூபாய்க்குக் காத்திருப்பவர் யார்? அவர் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இருப்பார். விளம்பரம் ஒட்டுகிறார்கள், யாரும் வருவதில்லை, 'ஆள் இல்லை' என்று ஃபைல் மூடிவிடுகிறது.

அப்புறம் பணிநிரவல், அதாவது உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவது. ஆகஸ்ட் 1-ம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கிறார்கள். தோட்டத்தில் ஆள் குறையக் குறைய, லயன் வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்குப் போகப் போக, இந்த எண் வருடா வருடம் கீழே இறங்கும், ஒரு பணியிடம் 'உபரி' ஆகும். பத்தாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தாலும் இருபது பேர் இருந்தாலும் கணக்குப் பாடம் ஒன்றுதான், அதை நடத்த ஒரு ஆள் முழுதாக வேண்டும் என்பதை அந்தச் சூத்திரம் பார்ப்பதில்லை.

எனக்குத் தெரிந்த வழி உள்ளூர் ஆட்களை ஆசிரியர் ஆக்குவதுதான். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் கூடலூரிலேயே இருக்கிறது. பந்தலூரிலும் குந்தாவிலும் பிறந்த பிள்ளைகளை அதில் சேர்த்து, மலை வட்டாரத்துக்கென்று தனிப் பணியிடம், பத்து வருடத்துக்கு மாறுதல் கிடையாது என்ற நிபந்தனையோடு கொடுத்தால், நிபந்தனையே தேவைப்படாது, அவர்கள் வீடே அங்கேதான். கூடவே பள்ளிக்குப் பக்கத்தில் நான்கு குடியிருப்பு. ஸ்மார்ட் வகுப்பறைக்குச் செலவு செய்கிற கைக்கு ஆசிரியர் குடியிருப்பு மட்டும் ஏன் செலவாகத் தெரிகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. இனி தரம் உயருமா?
– குன்னூர் வாசகர்

கரண்டு இருக்கிற நாளில் உயரலாம்.

சரி, விளையாட்டுக்குச் சொன்னேன். நல்ல ஆசிரியர் கையில் அது நல்ல கருவி. ஆசிரியர் இல்லாத வகுப்பில் அது டி.வி. மழைக்காலத்தில் மரம் விழுந்து இரண்டு மூன்று நாள் கரண்டு இல்லாத ஊர்களில், ஓர் இன்வெர்ட்டரையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்.

நான் அய்யன்கொல்லி பக்கம் மாலை நேர வகுப்பு எடுக்கும் தன்னார்வலர். பணியர் குழந்தைகள் முதல் வகுப்பில் வருடம் முழுக்க வாயே திறப்பதில்லை. மூன்றாம் வகுப்புக்குள் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பள்ளியில் சொல்கிறார்கள். உண்மையா?

அக்கறை இல்லை என்ற பேச்சை நான் முப்பது வருடமாகக் கேட்கிறேன், சொல்கிறவர்களில் அந்தக் குடியிருப்புக்கு ஒருமுறையாவது போய் வந்தவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று மத்திய அரசு பட்டியலிட்ட ஆறு சமூகங்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேரும் நீலகிரியில் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் சொந்தப் பேச்சு இருக்கிறது. பணியர் பேச்சு மலையாளத்துக்குப் பக்கம். ஆறு வயதுப் பிள்ளை வீட்டில் ஒரு பேச்சு, அப்பா வேலை பார்க்கிற தோட்டத்தில் மலையாளம், பள்ளியில் புத்தகத் தமிழ், ரைம்ஸில் இங்கிலீஷ் என்று நான்கையும் ஒரே மாதத்தில் சந்திக்கிறது. நீங்களோ நானோ ஆறு வயதில் அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தால் என்ன பேசியிருப்போம்?

ஒரு பள்ளியில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பணியர் பெண்ணைத் தினமும் முதல் ஒரு மணி நேரம் தன் வகுப்பில் உட்கார வைத்துக்கொள்வார். டீச்சர் ஒரு படத்தைக் காட்டிக் கேட்பார், அந்தப் பெண் சின்னதுகள் பக்கம் திரும்பித் தங்கள் பேச்சில் ஏதோ சொல்வாள், ஒரு பையன் குசுகுசுவென்று பதில் சொல்வான், அவள் அதைத் தமிழில் டீச்சருக்குச் சொல்வாள். அரையாண்டுக்குள் அந்தப் பையன் நேராக டீச்சரிடமே பேசினான், அதுவும் புகார்: பக்கத்தில் இருப்பவன் தன் சிலேட்டை எடுத்துவிட்டான் என்று. அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் படிப்பு ஒரு மணி நேரம் கெடுகிறதே என்று கேட்டேன். 'கெடட்டும் சார், வேறு ஆள் கொடுங்கள்' என்றார். நியாயம்தானே.

வேறு ஆள் கொடுக்கிற ஏற்பாடு உங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் இருக்கிறது. வயநாட்டில் கேரள அரசு 2017-ல் 'கோத்ர பந்து' என்ற பெயரில், ஆசிரியர் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்கள் 200-க்கும் மேற்பட்டவர்களைத் தொடக்கப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக வைத்தது. ஒடிசா 2006-லிருந்தே பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி நடத்துகிறது, இப்போது 21 மொழிகள். நம் மாநிலம் தாய்மொழிக்காக எவ்வளவு பேசியிருக்கிறது, போராடியிருக்கிறது. அந்தத் தாய்மொழி பணியர் வீட்டிலும் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால் தமிழுக்கு ஒன்றும் குறையாது, மூன்றாம் வகுப்பில் அந்தப் பிள்ளை தமிழ் வாசிப்பான். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் எட்டு வயதுக்குள் வாசிக்க வேண்டும் என்றுதானே இலக்கு வைத்தோம்?

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பெரிய பிள்ளைகளுக்குச் சரி. ஆறு வயதில் வீட்டைவிட்டுப் பிரித்து வைத்துவிட்டு, காட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நிற்கிறான் என்று குறை சொல்லக் கூடாது.

மகளுக்குத் தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. அப்படிச் சேர்த்தால் பிற்காலத்தில் 7.5 சதவீத இட ஒதுக்கீடும் மாதம் ஆயிரம் ரூபாயும் கிடைக்காது என்கிறார்கள். சரியா?
– ஒரு தகப்பன், மஞ்சூர்

பாதி சரி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதம் மருத்துவத்தில் 2020-ல் வந்தது, பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாம் 2021-ல் சேர்ந்தன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் 25 சதவீத ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்தவர், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிக்கு வந்தால் தகுதி உண்டு. நீங்கள் கேட்ட மாதம் ஆயிரம் ரூபாய், அதாவது புதுமைப் பெண் திட்டத்திலும் அப்படியே. எட்டுக்குப் பிறகு எப்படியும் தனியார் பள்ளி முழுக் கட்டணம் கேட்கும், அப்போது அரசுப் பள்ளிக்கு மாற்றினால் உங்கள் மகளுக்கு எதுவும் போகாது. ஒதுக்கீட்டில்தான் சேர்ந்தாள் என்பதற்கான ஒப்புகைத் தாளை மட்டும் பத்திரமாக வையுங்கள். எட்டு வருடம் கழித்துத் தேடினால் அந்தப் பள்ளியில் கிளார்க் மாறியிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற தேசிய வருவாய்வழி திறன் தேர்வு, தேறினால் நான்கு வருடம் மாதம் ஆயிரம் ரூபாய். தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அது கிடையாது. அதையும் கணக்கில் வையுங்கள்.

எனக்கு 51 வயது, இடைநிலை ஆசிரியை. தகுதித் தேர்வு எழுதாவிட்டால் வேலை போய்விடுமா?
– உதகை வட்டம்

உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் சொன்னது இதுதான் டீச்சர்: ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் கட்டாய ஓய்வு, ஓய்வுப் பலன்களோடு. ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் அப்படியே தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. நம் ஓய்வு வயது 60, ஆகவே நீங்கள் எழுத வேண்டியவர். மாநில அரசு மறுஆய்வு மனு போட்டது, பணியில் இருப்பவர்களுக்குச் சிறப்புத் தேர்வும் அறிவித்தது. மனுவை நம்பிப் படிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதில் தனிப்பட்ட முறையில் எனக்கு வருத்தம் உண்டு. இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியவரிடம் இப்போது தகுதியைக் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேரும் படிக்க லீவு போட்டால் பள்ளியை யார் திறப்பது? வட்டார வள மையத்தில் சனிக்கிழமை பயிற்சி வகுப்பு வைத்தால் கோச்சிங் சென்டரைத் தேடி யாரும் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியிருக்காது. உங்கள் சங்கத்தில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஜூன், ஜூலையில் பாதி நாள் மழை விடுமுறை. ஈடுகட்டச் சனிக்கிழமை வகுப்பு. மலைக்குத் தனி நாட்காட்டி ஏன் இல்லை?
– தேவாலா

தேவாலாக்காரர் கேட்கிறார், வேறு யார் கேட்பார்கள்! நம் மாவட்டத்திலேயே இரண்டு மழை இருக்கிறது. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்கு. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் நிலச்சரிவில் எத்தனை உயிர் போனது. ஆகவே மாவட்டத்துக்கு ஒரு நாட்காட்டி என்றாலும் பொருந்தாது, வட்டத்துக்கு ஒன்று வேண்டும். தொடக்க வகுப்புக்கு வருடம் 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 என்று சட்டம் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. எந்த மாதத்தில் என்று சொல்லவில்லை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு இருப்பதால் மாற்ற முடியாது, ஒன்று முதல் எட்டு வரை தாராளமாக மாற்றலாம். கூடலூர் பக்கம் மே மாதம் பாதி வகுப்பு வைத்துவிட்டு ஜூலையில் மூன்று வாரம் விட்டால் என்ன குடிமுழுகிவிடும்? புத்தகமும் சீருடையும் மேயிலேயே மலை ஏற வேண்டும், அதுதான் தடை. கம்பளிச் சட்டையும் மழைக் கோட்டும்கூட மழை முடிந்த பிறகு வந்து சேர்ந்த வருடங்கள் எனக்கு நினைவிருக்கிறது.

மத்திய அரசு பணம் தரவில்லை, மாநில அரசு கையெழுத்துப் போடவில்லை என்கிறார்கள். எங்கள் ஊர் ஜீப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– மசினகுடி

நேரடிச் சம்பந்தம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40. பி.எம். ஸ்ரீ (மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம்) ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றதாக ஆகும், மும்மொழியும் வரும் என்று தமிழ்நாடு மறுத்தது. 2024-25-க்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு மொழிக் கொள்கையில் மாநிலம் சொல்வதுதான் எனக்கும் சரி. பிள்ளைகளின் பணத்தைப் பிடித்து வைத்துக் கொள்கையைத் திணிப்பது மகா தப்பு.

ஆனால் காட்டுப் பாதையில் வருகிற பிள்ளைகளுக்கான வாகனச் செலவும் வழிக்காவலர் செலவும் இதே திட்டத்திலிருந்துதான். பிள்ளை ஒன்றுக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய் வரை, அதாவது பள்ளி நாள் ஒன்றுக்கு 27 ரூபாய். பணம் ஒழுங்காக வந்த காலத்திலேயே இந்தக் காசுக்கு முதல் கியரில் ஏறுகிற ரோட்டில் யாரும் வண்டி எடுக்க விரும்பியதில்லை. பாக்கி நின்றால் ஜீப்காரர் டீசலுக்குக் கைக்காசு போடுவார், இரண்டாம் மாதம் நிறுத்திவிடுவார். அவர் மேல் தப்பில்லை. வழக்கு முடியும்வரை இந்த ஒரு செலவை மட்டுமாவது மாநிலம் மாதா மாதம் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும், அதோடு மலைக்குத் தனி விகிதம் வேண்டும்.

இதையும் கேளுங்கள்: 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைதான். ஒரே ஜீப்பில், ஒரே ஆறரை மணிக்கு, ஒரே வீட்டிலிருந்து தம்பியும் அக்காவும் ஏறுகிறார்கள். தம்பி நான்காம் வகுப்பு, பள்ளியில் உப்புமா சாப்பிடுகிறான். அக்கா ஆறாம் வகுப்பு, மதியம் வரை பட்டினி. இதைச் சரிசெய்யப் பெரிய கொள்கை எதுவும் வேண்டாம்.

எங்கள் பகுதி முழுக்கப் பிரிவு 17 நிலம். பள்ளிக்குப் புதுக் கட்டடம் கேட்டால் நில ஆவணம் கேட்கிறார்கள்.
– ஓவேலி

பழைய ஜென்மி எஸ்டேட்டுகளை ஒழித்த 1969 கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு, நில உரிமை தீராமல், உங்கள் ஊரில் பட்டா, கரண்டு, ரோடு எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது, பள்ளி மட்டும் எப்படித் தப்பும்? கட்டடம் கட்டத் தடை என்றால் இருக்கிற கட்டடத்தைப் பழுதுபார்க்கக் கேளுங்கள். கூரை, கழிப்பறை, தண்ணீர் மூன்றையும் பராமரிப்பு என்று தனித் தனி மனுவாகக் கொடுங்கள், புதுக் கட்டடம் என்ற சொல்லே வேண்டாம். பெண் பிள்ளைகளின் கழிப்பறையை முதலில் எழுதுங்கள். நிலப் பிரச்சினை தீர்ந்து கட்டடம் வரும் என்று காத்திருந்தால் இப்போது ஒன்றாம் வகுப்பில் இருப்பவளின் பேத்தி வந்து படிப்பாள்.

தனியார் பள்ளியில் பாக்கி இருப்பதால் டி.சி. தர மறுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு சேர்க்க முடியுமா?
– அரவேணு

முடியும். டி.சி. தாமதமாவதைக் காட்டி எட்டாம் வகுப்பு வரை எந்த அரசுப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் பிரிவு. கட்டண பாக்கிக்காக டி.சி.-யைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல் சொல்லிவிட்டது. ஆதாரையும் பிறப்புச் சான்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையே எச்.எம்.-ஐப் பாருங்கள். எமிஸில் (கல்வித் துறையின் கணினிப் பதிவு) பழைய பள்ளி பையன் பெயரை விடுவிக்கவில்லை என்று சொன்னால், அதை வட்டாரக் கல்வி அலுவலர் பார்த்துக்கொள்வார், பையன் அதுவரை வகுப்பில் உட்காரட்டும்.